பங்காளி வந்த காடு

சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்த இயல்களில் வருகின்றன. பிழைப்புக்கான போராட்டம் மிகக் கடுமையாக நடப்பது நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கு இடையில்தான் என்பது முதலாவது. ஆசியாவிலிருந்து ரஷ்யாவுக்குள் புகுந்த சின்னக் கரப்பான் தன் பெரிய உறவினத்தை எங்கும் விரட்டியதை அவர் சான்றாகக் காட்டுகிறார். இரண்டாவது கருத்துக்குத் தாவரவியலாளர் அசா கிரேயின் வட அமெரிக்கத் தாவரக் கணக்கைத் துணைக்கு அழைக்கிறார். வெளியிலிருந்து வந்து அங்கே நிலைத்த 260 செடிகள் 162 பேரினங்களைச் சேர்ந்தவை. அவற்றில் 100 பேரினங்களுக்கு அந்த மண்ணில் உள்ளூர்ச் சொந்தமே கிடையாது. சொந்தம் இல்லாத இடத்தில் புதிதாக வந்தது எளிதில் வேர்விடுகிறது என்பது இதன் பொருள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உறவினம் ஏற்கெனவே குடியிருக்கும் ஊரில் வந்த இனம் தோற்றிருக்க வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மழைக்கும் மண்ணுக்கும் பழகியது உள்ளூர் இனம்தானே? ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் பதிவுகளில், அணிலிலிருந்து கொசு வரை, வந்தது நின்றுகொண்டு இருந்தது வெளியேறிய கதைகள் நிறைய. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, வந்த இனம் வலியது என்பது. அந்த விடை பெரும்பாலும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நெருங்கிய உறவு என்பது ஒரே உணவு, ஒரே நோய், ஒரே இணைசேரும் முறை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வது. உள்ளூர் இனம் வீழ்வது பெரும்பாலும் இந்தப் பொதுச் சொத்தின் வழியாகத்தான். யார் வலியவர் என்பது அநேகமாக இரண்டாம் கேள்வி.

முதலில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிடலாம். மாஸ்கோவில் ஜி. எஃப். காஸ் 1930-களில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் இரண்டு இனங்களை ஒரே குழாயில் வளர்த்தார். தனித்தனியே நன்றாகப் பெருகிய அவை, சேர்த்து வைத்தபோது ஒன்று நிலைத்து மற்றது மறைந்தது. அவற்றில் ஒன்றோடு மூன்றாவது ஓர் இனத்தைச் சேர்த்தபோது அது குழாயின் வேறு பகுதியில் மேய்ந்ததால் இரண்டும் பிழைத்தன. ஒரே பிழைப்பை நம்பிய இரு இனங்கள் ஓரிடத்தில் நெடுநாள் சேர்ந்து வாழ முடியாது என்ற பாடநூல் விதி இங்கிருந்து வளர்ந்தது. அந்த விதியைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது சிகாகோவில் தாமஸ் பார்க் செய்த சோதனை. நம் சமையலறை மாவு டப்பாக்களில் காணும் செந்நிற வண்டையும் அதன் நெருங்கிய உறவினமான இன்னொரு மாவு வண்டையும் அவர் பல ஆண்டுகள் சேர்த்து வளர்த்தார். வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் ஒன்று வென்றது. குளிர்ந்த, உலர்ந்த சூழலில் மற்றது. அதைவிட வியப்பு, மாவில் ஒரு குறிப்பிட்ட ஒட்டுண்ணி இருந்தபோது பெரும்பாலும் வென்ற இனம், ஒட்டுண்ணியை நீக்கியதும் பெரும்பாலும் தோற்றது. வண்டுகள் அதே வண்டுகள், மாவும் அதே மாவு. இந்த முடிவு 1948-இலேயே அச்சேறியது. ஆனாலும் இயற்கையில் நடக்கும் வெளியேற்றங்களை விளக்க வந்தவர்கள் அடுத்த பல பத்தாண்டுகள் உடல் அளவையும் பசியையுமே பெரும்பாலும் அளந்துகொண்டிருந்தார்கள்.

பிரிட்டனின் அணில்கள் இதற்கு நல்ல சான்று. அங்கே மண்ணுக்குரியது செவ்வணில். நம் முற்றத்தில் ஓடும் மூவரி அணிலுக்கு இது தூரத்துச் சொந்தம் மட்டுமே. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சாம்பல் அணிலை 1876-இல் செஷயர் மாவட்டத்தின் ஹென்பரி பூங்காவில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். (ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டின் சாம்பல் நிற மலை அணிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது நம் மண்ணின் அரிய உயிர்.) அடுத்த அரை நூற்றாண்டில் பல பண்ணைகளிலும் பூங்காக்களிலும் மேலும் பல முறை விட்டார்கள். அயர்லாந்துக்கு 1911-இல் போய்ச் சேர்ந்தது. 1937-இல் அதை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. இன்று கிரேட் பிரிட்டனில் சாம்பல் அணில்கள் 25 லட்சத்துக்கும் மேல். செவ்வணில்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, அவற்றிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். பெரியது சிறியதை அடித்து விரட்டியது என்பதுதான் மக்களிடையே நெடுங்காலம் நிலவிய கதை. செவ்வணில் சுமார் 300 கிராம். சாம்பல் அணில் 500 கிராமைத் தாண்டும். கதை பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காட்டில் உட்கார்ந்து கவனித்தவர்களுக்கு அந்தச் சண்டை அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. இரண்டும் ஒரே தோப்பில் பெரிய மோதல் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடமாடின. அப்படியும் ஒன்று குறைந்துகொண்டே போனது.

கண்டறியப்பட்ட காரணங்களில் ஒன்று வயிற்றுக்குள் இருந்தது. ஓக் மரத்தின் கொட்டைகளில் உள்ள துவர்ப்புப் பொருள்களைச் சாம்பல் அணிலின் குடல் நன்றாகச் சமாளிக்கிறது. செவ்வணிலின் குடலுக்கு அந்தத் திறன் குறைவு. ஓக் மிகுந்த இலையுதிர் காட்டில் ஒன்றுக்கு விருந்தாவது மற்றதற்கு அரைவயிற்றுச் சாப்பாடு. அந்தக் காட்டில் சாம்பல் அணில்கள் நெருக்கமாகப் பெருகுகின்றன. செவ்வணில் நம்பியிருக்கும் ஹேசல் கொட்டைகளையும் அவையே காய்க்குப் பக்குவம் வருமுன் தின்று தீர்க்கின்றன. இரண்டாவது காரணம் இரத்தத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பார்வைக்கு நலமாக இருந்த சாம்பல் அணில்களில் 61 விழுக்காட்டின் உடலில் அணில் அம்மை வைரசுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது அவை அந்த அம்மையைப் பெற்று, பெரிய பாதிப்பில்லாமல் கடந்து வந்தவை. செவ்வணிலுக்கு அதே வைரஸ் கண்ணையும் வாயையும் புண்ணாக்கி இரண்டு வாரத்துக்குள் உயிரைப் பறிக்கிறது. 2003-இல் டாம்ப்கின்ஸ், ஒயிட், பூட்ஸ் ஆகியோர் கணித மாதிரி ஒன்றைக் கட்டி, போட்டியை மட்டும் வைத்தால் இந்த வேகத்தில் வீழ்ச்சி நிகழ்ந்திருக்க முடியாது, நோயையும் சேர்த்தால்தான் கணக்கு உண்மையோடு பொருந்துகிறது என்று காட்டினார்கள். பின்னர் வந்த இன்னோர் ஆய்வு, வைரஸ் உள்ள வட்டாரங்களில் செவ்வணில் மறையும் வேகம் வைரஸ் இல்லாத வட்டாரங்களைவிட 17 முதல் 25 மடங்கு என மதிப்பிட்டது. வைரஸ் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவ, உடற்கூறு ஒத்திருப்பது பெரும்பாலும் உதவுகிறது. சாம்பல் அணில் தூரத்து இனமாக இருந்திருந்தால் அது கொண்டுவந்த அம்மை செவ்வணிலைத் தொடாமலே போயிருக்கக் கூடும்.

அப்படியானால் எல்லாமே நோய்தானா? இங்கே இத்தாலி குறுக்கிடுகிறது. 1948-இல் டூரின் நகருக்கு அருகே சில சாம்பல் அணில்கள் விடப்பட்டு, அங்கிருந்து பியட்மாண்ட் சமவெளியில் பரவின. அங்கே அணில் அம்மை காணப்படவில்லை. ஆனாலும் செவ்வணில் பின்வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது, சற்று மெதுவாக. வளர்ந்த அணில்களின் இறப்பு அங்கே கூடவில்லை. குஞ்சுகள் வளர்ந்து தமக்கென ஓர் இடம் பிடிப்பதுதான் குறைந்தது. செவ்வணில் இலையுதிர் காலத்தில் புதைத்து வைக்கும் கொட்டைகளைச் சாம்பல் அணில்கள் தோண்டி எடுத்துவிடுவதால், வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்குத் தேவையான கொழுப்பு தாயின் உடலில் சேர்வதில்லை. யாரும் சாகாமலே ஓர் இனம் மறைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. பிரிட்டனையும் இத்தாலியையும் அருகருகே வைத்தால், யாரும் திட்டமிடாமலே நடந்த ஒரு சோதனை கிடைக்கிறது: உணவு வழி தனியாகவும் வேலை செய்யும், நோய் வழி திறந்தால் பல பத்தாண்டு வேலை சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

நோய் வழியின் உச்சத்தைப் பார்க்க ஐரோப்பிய ஓடைகளுக்குப் போக வேண்டும். அங்கே க்ரேஃபிஷ் எனப்படும் நன்னீர் இறால் வகை பல நூற்றாண்டுகளாக மக்களின் உணவு. 1859, 1860 ஆண்டுகளில் இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் அவை கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கத் தொடங்கின. வட அமெரிக்கப் பூர்விகமுடைய நீர்ப்பூஞ்சை போன்ற ஓர் உயிரி அதற்குக் காரணம். அந்தக் கொள்ளைநோய் 1907-இல் சுவீடனை எட்டி அங்கிருந்த நாட்டு இனத்தை நாசமாக்கியது. இழந்த வருமானத்தை மீட்க சுவீடன் செய்ததுதான் விபரீதம். நோயைத் தாங்குகிறது என்பதற்காக 1960-களில் அமெரிக்காவிலிருந்து சிக்னல் க்ரேஃபிஷை இறக்குமதி செய்து ஏரிகளில் விட்டார்கள். நோயைத் தாங்கும் இனம் நோயைச் சுமக்கும் இனமும்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. 1970-களில் அதே இனம் பிரிட்டனுக்குப் பண்ணை வளர்ப்புக்காக வந்தது. அங்கிருந்த வெண்கால் க்ரேஃபிஷ் இன்று அருகிவரும் இனம். சிக்னல் உடலிலும் பெரியது, மூர்க்கமும் அதிகம், குஞ்சுகளும் அதிகம். ஆகவே இங்கேயும் வலிமைக் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 2015-க்குப் பிறகு பல ஆறுகளில் நாட்டு க்ரேஃபிஷ் கொள்ளைநோயால் மடிந்தது. அந்த ஆறுகளில் அமெரிக்க இனம் ஒன்றுகூடக் காணப்படவில்லை. ஈரமான வலை, படகு, காலணி ஆகியவற்றில் ஒட்டிய வித்துகளே போதுமானவையாக இருந்தன. போட்டியாளர் வராமலே போட்டியில் தோற்பது என்றால் இதுதான்.

மூன்றாவது வழி இனச்சேர்க்கை. இதைப் பற்றிப் பொதுவெளியில் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் உறவு நெருக்கம் எப்படித் தீங்காகிறது என்பதை இதைப்போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவும், புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டசும் ஒரே பேரினம். 1985-இல் ஹூஸ்டன் பகுதியில் புலிக்கொசு நிலைகொண்டிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து வந்த பழைய டயர்களில் தேங்கிய நீரில் அது பயணம் செய்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் தென்கிழக்கில் பெரும்பகுதியிலிருந்து எஜிப்தி காணாமல் போனது. புழுக்கள் ஒரே தொட்டியில் உணவுக்குப் போட்டியிடும்போது புலிக்கொசு முந்துகிறது என்று முதலில் விளக்கினார்கள். அது உண்மைதான், ஆனால் நடந்த வேகத்துக்கு அது போதவில்லை. பின்னர் தெரிந்தது: புலிக்கொசு ஆண் எஜிப்திப் பெண்ணோடு இணையும்போது முட்டை பொரிவதில்லை, அந்த ஆணின் சுரப்பிலுள்ள புரதங்கள் அந்தப் பெண்ணை அதன்பின் தன் இனத்து ஆணையும் ஏற்காமல் செய்துவிடுகின்றன. ஒரே தவறான இணைசேர்க்கை, வாழ்நாள் மலடு. எதிர்த்திசையில், எஜிப்தி ஆண் புலிக்கொசுப் பெண்ணுக்கு இதே தீங்கைச் செய்வதில்லை. சமமில்லாத இந்த இழப்பில் ஒரு பக்கம் மட்டும் கரைகிறது. எஜிப்தியும் அமெரிக்காவுக்கு அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து போனதுதான், மண்ணின் இனம் அல்ல. முந்தி வந்ததைப் பிந்தி வந்தது வெளியேற்றிய கதை இது. ஆசியாவில் கதை தலைகீழ். இங்கே புலிக்கொசு சொந்த இனம், எஜிப்தி வந்த இனம். நகரங்கள் பெருகப் பெருக, வீட்டுக்குள் வாழும் எஜிப்தி நகரின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, புலிக்கொசு மரஞ்செடி மிகுந்த புறநகருக்கு ஒதுங்கியது. கொல்கத்தாவில் 1960-களிலேயே இந்த இடமாற்றம் ஆராயப்பட்டிருக்கிறது. அதே இரண்டு இனங்கள், இரண்டு கண்டங்களில் எதிரெதிர் முடிவுகள். வலியது வெல்லும் என்போர் இந்த இரண்டில் வலியது எது என்று சொல்ல வேண்டும்.

இணைசேர்க்கை வழி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வெள்ளை ஈ இன்னொரு சான்று. பருத்தி, தக்காளி, மரவள்ளி பயிரிடும் நம் விவசாயிகளுக்கு அறிமுகம் தேவையில்லாத பூச்சி. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் அது பல உள்ளினங்களின் தொகுதி. அவற்றில் உலகெங்கும் பரவிய ஒன்று, சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர் வெள்ளை ஈக்களை இடம்பெயர்த்தது. 2007-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காரணத்தைக் கண்ணால் பார்த்தே சொன்னது. இவற்றில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். இரண்டு வகைகளும் கலந்து வாழும்போது வந்த வகையின் பெண்கள் கூடுதலாக இணைசேர்ந்து கூடுதலான பெண் குஞ்சுகளை ஈன்றன. வந்த வகையின் ஆண்களோ உள்ளூர்ப் பெண்களை மொய்த்து அவற்றின் இயல்பான இணைசேர்க்கையைக் குலைத்ததால், அவற்றுக்குப் பெண் குஞ்சுகள் குறைந்தன. கலப்பினம் பிறக்கவில்லை, யாரும் யாரையும் கொல்லவில்லை, உணவும் தீர்ந்துபோகவில்லை. ஆண், பெண் விகிதம் சில தலைமுறைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான்.

கலப்பு பலித்துவிட்டால் கதை வேறு திசையில் போகிறது. அமெரிக்காவின் செம்பழுப்பு வாத்தை 1948-இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் பறவைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1950-களில் சில தப்பின. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் சுமார் 6,000 இருந்தன. அவை ஸ்பெயினை எட்டியபோது அங்கிருந்த உறவினமான வெண்தலை வாத்தோடு இணைசேர்ந்து வளமான கலப்பினக் குஞ்சுகளை ஈன்றன. 1977-இல் ஸ்பெயினில் வெறும் 22 பறவைகளாகச் சுருங்கி, வேட்டைத் தடையால் மெல்ல மீண்டுவந்த இனம் அது. வேட்டைக்காரனிடமிருந்து பிழைத்ததை மரபணுக் கரைப்பில் இழப்பதா என்று கேட்டு, பிரிட்டன் 2005 முதல் தன் செம்பழுப்பு வாத்துகளைச் சுட்டுக் குறைத்தது. மீன்களில் இந்தக் கதை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டின் குளங்களிலும் ஏரிகளிலும் ஜிலேபி கெண்டை என்ற பெயரில் நிறைந்திருப்பது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா. 1952-இல் இந்தியாவுக்கு வந்த இது இங்கே நாட்டு மீன்களை நெருக்கும் ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலில் இருக்கிறது. தன் தாய்மண்ணான தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ ஆற்றுப்படுகையிலோ அதே மீன் அழிவை நோக்கிய இனங்களின் பட்டியலில் நிற்கிறது. பண்ணைகளிலிருந்து தப்பிய நைல் திலாப்பியா என்னும் உறவினம் அதோடு கலந்து அதன் மரபுத் தூய்மையைக் கரைப்பதே காரணம். ஒரு கண்டத்தில் அடாவடி, இன்னொரு கண்டத்தில் அடைக்கலம் தேடும் உயிர். ஆக்கிரமிப்புக் குணம் என்று ஓர் இனத்துக்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் இந்த மீனிடம் வந்து உடைந்துபோகிறது.

இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. உள்ளூர் இனத்தை வெளியேற்றியது வந்த இனம் இல்லை; காட்டை அழித்து, ஆற்றைக் கெடுத்து, ஊரைக் கட்டிய மனிதர்கள்தான்; வந்த இனம் ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்தது, அவ்வளவே என்பது அது. ஐரோப்பிய மிங்க் என்னும் ஆற்றங்கரை வேட்டை விலங்கு இதற்குத் துணை நிற்கிறது. மென்மயிர்த் தோலுக்காக நடத்திய பண்ணைகளிலிருந்து தப்பிய அமெரிக்க மிங்க் வந்து சேர்வதற்கு முன்பே அது பல நாடுகளில் வேட்டையாலும் ஆற்றங்கரை அழிவாலும் குறைந்துவிட்டிருந்தது. இந்த எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது மாற்று விளக்கம் என்பதைவிட என் விளக்கத்தின் ஒரு பகுதி என்பதே சரி. நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியைப் பார்த்தால் புரியும். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் இந்தச் சாதாரணப் பல்லி இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல்களோடும் சரக்குகளோடும் பசிபிக் தீவுகளுக்குப் பரவி, அங்கே முன்பே இருந்த, ஆணில்லாமலே முட்டையிடும் சிறுபல்லி இனத்தை நகரங்களிலிருந்து விரட்டியது. பெட்ரன், கேஸ் என்ற ஆய்வாளர்கள் ஹவாயின் பழைய விமானக் கொட்டகைகளில் இரண்டையும் வளர்த்துப் பார்த்தார்கள். வழவழப்பான சுவரும் மின்விளக்கும் இருந்தால் பூச்சிகள் ஒரே இடத்தில் குவிகின்றன. வேகமும் உடல்பருமனும் கொண்ட ஆசியப் பல்லி அவற்றைச் சுத்தமாகத் தின்றுவிட, சிறுபல்லி மெலிந்து முட்டை குறைகிறது. தடுப்புகளை வைத்து இடத்தைக் கரடுமுரடாக்கியதும் ஆசியப் பல்லியின் அந்த அனுகூலம் தேய்ந்தது. ஆக, மனிதன் கட்டிய சுவரும் மாட்டிய விளக்கும் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. ஆனால் சுவரும் விளக்கும் மட்டும் இருந்த காலத்தில் சிறுபல்லி நன்றாகவே வாழ்ந்தது. மேடையை அமைத்தவர்கள் நாமே என்பதால் மேடையில் நடந்தது நடக்காததாகிவிடாது. மொரீஷியஸில் இதே ஆசியப் பல்லி, பெரிய தீவிலிருந்த ஒரு பல்லி இனத்தைக் கரைக்கு அப்பாலுள்ள குட்டித் தீவுகளுக்கு ஒதுக்கிவிட்டது. அங்கே மின்விளக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு எண்ணிக்கை சார்ந்தது. மார்க் டேவிஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 2003-இல் எழுப்பியது: வந்த இனத்தின் போட்டியால் மட்டும் ஓர் இனம் உலகிலிருந்தே அழிந்ததற்குச் சான்று மிகக் குறைவு, தீவுகளில் எலியும் பூனையும் பாம்பும் தின்று தீர்த்ததே அழிவுகளில் பெரும்பங்கு. 2011-இல் அவரும் வேறு 18 அறிஞர்களும் 'நேச்சர்' இதழில், ஓர் இனத்தை அதன் பூர்விகத்தை வைத்துத் தீர்ப்பிடாதீர்கள், அது செய்வதை வைத்துத் தீர்ப்பிடுங்கள் என்று எழுதினார்கள். 2011-இல் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. திலாப்பியாவும் கொசுவும் சொல்வதும் அதுவே. 2003-இல் சொன்னதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. போட்டி என்றால் உணவுப் போட்டி என்று மட்டும் எண்ணினால் அழிவுகள் குறைவாகத்தான் தெரியும். நோயால் மாண்டதை நோய்க் கணக்கிலும், கலப்பால் கரைந்ததை வேறு தலைப்பிலும் எழுதிவிட்டு, போட்டிக் கணக்கில் ஒன்றுமில்லை என்பது எப்படிப் பொருந்தும்? கலப்பால் கரையும் இனம் அழிந்ததாகப் பதிவாவதும் இல்லை, ஏனென்றால் குளத்தில் மீன் இருக்கிறது, ஏரியில் வாத்து இருக்கிறது. ஆய்வாளர்கள் ரைமரும் சிம்பர்லாஃபும் 1996-இல் இந்த மறைமுக அழிவைப் பற்றி எழுதியபோது மரபணுச் சோதனை அரிதாக இருந்தது. அது மலிவாகிவிட்ட இன்று, தூயது என்று நம்பியிருந்த பல ஆற்று மீன் கூட்டங்களில் கலப்பு வெளிப்பட்டுக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தில் பண்ணைகளுக்காக நாட்டுக் கெளுத்தியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கலந்து உருவாக்கிய மீன் ஆறுகளில் தப்பி, நாட்டுக் கெளுத்தியின் மரபணுக்களில் ஆப்பிரிக்கச் சுவடு பதிந்தது ஒரு சான்று. இந்தியாவில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை இருந்தும் குட்டைகளில் வளர்ப்பது ஓயவில்லை.

பரிணாமமே சரிசெய்துகொள்ளும், பொறுத்திருந்தால் போதும் என்பாரும் உண்டு. ஃபுளோரிடாவின் பச்சை ஓணான் அவர்களுக்குப் பிடித்த சான்று. கியூபாவிலிருந்து வந்த பழுப்பு உறவினம் தரையையும் அடிமரத்தையும் பிடித்துக்கொள்ள, பச்சை ஓணான் மேலே ஏறியது. ஆய்வாளர்கள் 1995-இல் சில சிறு தீவுகளில் பழுப்பு ஓணானை விட்டுப் பார்த்ததில், 15 ஆண்டுகளில், சுமார் 20 தலைமுறைகளுக்குள், பச்சை ஓணானின் விரல் பட்டைகள் பெரிதாகியிருந்தன. உயரத்தில் பற்றிக்கொள்ள அது உதவும். எஜிப்திக் கொசுவும் அப்படியே: புலிக்கொசுவோடு வாழ நேர்ந்த இடங்களில் எஜிப்திப் பெண்கள் தவறான ஆணை மறுக்கும் பழக்கத்தைச் சில தலைமுறைகளில் பெற்றன. அழகான முடிவுகள்தான். ஆனால் இரண்டிலும் தப்பிக்க ஓர் இடம் இருந்தது, தலைமுறை குறுகியது, கூட்டம் பெரியது. கொள்ளைநோய் ஓர் ஓடையைச் சில வாரங்களில் காலிசெய்யும்போது க்ரேஃபிஷுக்கு இருபது தலைமுறை எங்கிருந்து வரும்? எந்த வழியில் இடப்பெயர்ச்சி நடக்கிறது என்பதைப் பொறுத்தே பரிணாமத்துக்கு அவகாசம் உண்டா இல்லையா என்பதும் அமைகிறது.

வழி தெரிந்தால் மருந்தும் மாறுகிறது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் 1998-இல் தொடங்கிச் சாம்பல் அணில்களைப் பொறிவைத்துப் பிடித்து, 2015-இல் தீவு அவற்றிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். கடைசி அணில் பிடிபடும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனதும், எஞ்சிய சாம்பல் அணில்களிடையே அம்மை தொடர்ந்து சுழல முடியாமல் தானே தணிந்தது. நோய் வழிக்கு மட்டுமே இந்தச் சலுகை உண்டு. உணவு வழியில் பாதி அணில்கள் இருந்தாலும் பாதித் தீங்கு இருக்கும். கலப்பு வழியில் சில வாத்துகள் மிஞ்சினாலும் ஆபத்து மிஞ்சும். மருந்து தாமதமானால் என்ன ஆகும் என்பதை இத்தாலி காட்டியது: அங்கே 1997-இல் பரவலின் தொடக்கத்திலேயே சாம்பல் அணில்களை அகற்ற முயன்ற அதிகாரிகள் மீது விலங்குரிமைக் குழுக்கள் வழக்குத் தொடுத்தன. இறுதியில் விடுதலை கிடைத்தது, ஆனால் அதற்குள் அணில்கள் அகற்ற முடியாத அளவுக்குப் பரவிவிட்டன. தனித்தனி அணிலின் உயிருக்காகக் கவலைப்பட்டவர்களை நான் பழிக்கவில்லை. வழக்கால் நேர்ந்த மூன்றாண்டுத் தாமதத்தின் விலையைப் பின்னர் செவ்வணில்களோடு, கொல்ல நேர்ந்த இன்னும் அதிகமான சாம்பல் அணில்களும் கொடுத்தன.

துப்பாக்கியும் பொறியும் இல்லாத ஒரு வழி அயர்லாந்தில் தற்செயலாகத் தென்பட்டது. கீரியைப் போன்ற உடலும் மரமேறும் திறமையும் கொண்ட பைன் மார்ட்டென் என்னும் வேட்டை விலங்கு, சட்டப் பாதுகாப்பால் மீண்டும் பெருகிய மாவட்டங்களில் சாம்பல் அணில் சரிந்து செவ்வணில் திரும்பியது. வட அயர்லாந்தில் உணவுப் பெட்டிகளில் மார்ட்டென் வாசனையைத் தடவிப் பார்த்தபோது செவ்வணில்கள் விலகி எச்சரிக்கையாயின. சாம்பல் அணில்கள் கண்டுகொள்ளவே இல்லை. அமெரிக்காவில் அவை இந்த விலங்கோடு பழகி வளர்ந்தவை அல்ல. ஆனால் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதிலும் ஒரு முடிச்சைப் போட்டது. இலையுதிர் காட்டில் மார்ட்டென் செவ்வணிலுக்கு நன்மை செய்கிறது. வெளிநாட்டு ஊசியிலை மரங்களை மட்டும் வரிசையாக நட்ட தோட்டக் காடுகளில் அதே மார்ட்டென் செவ்வணிலையும் குறைக்கிறது. சாம்பல் அணிலுக்குப் பிடிக்காது, செவ்வணில் பிழைக்கும் என்று சொல்லிப் பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனில் காப்பிடமாகப் பேணிவருவது இதே ஊசியிலைத் தோட்டங்களைத்தான். உணவு வழியை அடைக்கப் பேணிய காடும், வேட்டையால் கட்டுப்படுத்தத் திரும்பிய விலங்கும் ஒன்றையொன்று முறிக்கின்றன. எந்தப் பள்ளத்தாக்கில் எதை வைத்துக்கொள்வது என்பதை இனி வனத்துறையினர் காடுகாடாகத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.